கன்னியாகுமரி டு ஸ்ரீநகர், பெரும்பாலும் ரூம் போடாமல்

பயணம் முடிந்து வந்ததும் ஆளாளுக்குக் கேட்டது ஒரே மாதிரி கேள்விகள்தான். மைலேஜ் எவ்வளவு கொடுத்தது, டயர் தாங்கியதா, காஷ்மீரில் பயமாக இல்லையா, இரண்டு பொம்பளைங்க காரில் தனியாகவா போனீர்கள். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டவர்கள் குறைவு, கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் "தெரிஞ்சவங்க வீட்ல" என்று சொல்லி முடித்துவிட்டேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் லேசில் முடியாது. இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன், யாராவது இதே மாதிரி கிளம்பும் எண்ணத்தில் இருந்தால் உதவும்.

தேசிய நெடுஞ்சாலை 44, கன்னியாகுமரியில் ஆரம்பித்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல். ஒரே ரோடு, பெரும்பாலும் நாலு வழி, ஆறு வழி. வண்டி ஓட்டத் தெரிந்த யாரும் ஓட்டிவிடலாம். முன்பின் தெரியாத வீட்டில் சாயங்காலம் போய் இறங்கி, சாப்பிட்டு, தூங்கி, குளித்து, அவர்களுக்கு அலுப்பு வருவதற்கு முன்னால் கிளம்புவதுதான் கஷ்டம். அதனால் ரோட்டைப் பார்த்து வீடு தேடாதீர்கள், கிடைத்த வீடுகளைப் பார்த்து ரோட்டைப் பிரியுங்கள். எங்கள் பயணம் உருப்படியாக நடந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீடுகளில் தங்கியது காசு மிச்சம் பிடிக்க அல்ல. பரிசு, பழம், இனிப்பு என்று வாங்கிப் போனதையெல்லாம் கூட்டினால் சுமாரான லாட்ஜ் வாடகைக்கு ரொம்பக் குறையாது. நாங்கள் இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், கல்லூரி விடுதியில் ஒரே அறை. தோழி வங்கி வேலையில் நாக்பூர், போபால் என்று வருஷக்கணக்கில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள், இந்தி தண்ணீர்பட்ட பாடு. எனக்குத் தெரிந்த இந்தி தூர்தர்ஷன் பார்த்துப் பிடித்தது. சின்ன ஊர்களில் இரவு எட்டு மணிக்கு இரண்டு பெண்கள் போய் ரூம் கேட்டால் வரவேற்பில் இருப்பவர் பார்க்கும் பார்வையும், வண்டி தெருவில் நிற்கிற கவலையும் வேண்டாம் என்றுதான் வீடுகளைத் தேடினோம். இன்னொரு காரணமும் உண்டு, ஊர் ஊராக அடுப்படி பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

வீடு பிடித்தது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் வாட்ஸ்ஆப்பில் ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பினோம். அத்தனை பேரும் "எப்ப வேணாலும் வாங்க, நம்ம வீடு மாதிரி" என்றார்கள். சந்தோஷமாக இருந்தது, ஆனால் அது அழைப்பு இல்லை, மரியாதை. உண்மையாகவே வரச் சொல்கிறவர் உடனே கேள்வி கேட்பார். என்னைக்கு வர்றீங்க, எத்தனை மணி ஆகும், சைவமா அசைவமா, வண்டி எவ்வளவு பெருசு. இந்தக் கேள்விகள் வந்த வீடுகளை மட்டும் பட்டியலில் வைத்தோம், மற்றவர்களுக்கு "அந்தப் பக்கம் வந்தா கூப்பிடறோம்" என்று நாங்களும் மரியாதையாகச் சொல்லிவிட்டோம். யாருக்கும் வருத்தமில்லை.

பட்டியலில் ஆதிலாபாத், சாகர், ஜலந்தர் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. கிளம்பிய பிறகுதான் நிரம்பின. அனந்தபூரில் தங்கிய வீட்டுக்காரர் ஹைதராபாத் அண்ணனைப் பிடித்துக் கொடுத்தார், அந்த அண்ணன் மனைவியோடு படித்த ஒரு டீச்சர் ஆதிலாபாத்தில் இருந்தார். நீங்கள் தங்கிய வீட்டுக்காரர் அடுத்த ஊருக்குப் போன் போட்டு "நல்ல மனுஷங்க, ரெண்டு நாள் எங்க வீட்டிலதான் இருந்தாங்க" என்று சொல்வதற்கு இருக்கிற மதிப்பு வேறு எந்த அறிமுகத்துக்கும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடாமல் நடுநடுவே இடைவெளி விடுங்கள். விருந்தோம்பலுக்கென்றே இருக்கிற இணையதளங்கள் வழியாகவும் ஒரு வீடு பிடித்தோம், சாகரில். அப்படிப்பட்ட தளங்களில் ஒன்றான கவுச்சர்ஃபிங் 2020-ல் சந்தா முறைக்கு மாறிய பிறகு அங்கே கூட்டம் குறைந்துவிட்டது என்று தோழி சொன்னாள். எந்தத் தளமானாலும் நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் இவைதான்: வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெண்களோடு வீடியோவில் பேசியிருக்க வேண்டும், ஏற்கெனவே அங்கே தங்கிய வேறு பெண்கள் எழுதியிருக்க வேண்டும். கணவர் மட்டும் பேசி, "மனைவிக்கு ஓகேதான்" என்று சொன்ன ஒரு வீட்டை விட்டுவிட்டோம். அந்த அம்மாவுக்கு ஓகேவாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் சமைக்கப் போகிறவரிடம் கேட்காமல் ஒருவர் வீட்டுக்குப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

தினம் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று இளைஞர்களைக் கேட்டால் 700, 800 என்பார்கள். ரூம் போட்டுத் தங்குகிறவர்களுக்குச் சரி. வீட்டில் தங்குகிறவர்கள் 400-க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, காரணம் களைப்பு இல்லை, போய்ச் சேரும் நேரம். சாயங்காலம் நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் இறங்குவது உத்தமம். டீ போடுகிற நேரம், வெளிச்சம் இருக்கும், தெருவில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தலாம், பிள்ளைகள் விழித்திருப்பார்கள். ஒன்பது மணிக்குப் போனால் வீடே உங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கும், அந்தப் பாவம் ராத்திரி முழுக்கத் தொண்டையில் நிற்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நிற்பது அதைவிட மோசம், அந்த அம்மா அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். சீக்கிரம் போய்விட்டால் ஊருக்கு வெளியே ஒரு தாபாவில் உட்கார்ந்து நேரத்தைப் போக்கிவிட்டுப் போனோம்.

இரண்டு ராத்திரி தங்குவது ஒரு ராத்திரியைவிட வீட்டுக்காரர்களுக்கு நல்லது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். ஒரே ராத்திரி என்றால் விருந்து, படுக்கை விரிப்பு மாற்றுவது, துண்டு, காலை டிபன், எல்லாச் சுமையும் உண்டு, பேச மட்டும் நேரமில்லை. இரண்டாம் நாள்தான் நீங்கள் பாத்திரம் கழுவ விடப்படுவீர்கள், முதல் நாள் ரசத்தை மறுநாள் தைரியமாக வைப்பார்கள். மூன்றாம் நாள் வேண்டாம். எவ்வளவு கட்டாயப்படுத்தினாலும் வேண்டாம்.

இனி ரோடு. தமிழ்நாட்டுக்குள் சொந்தக்காரர் வீடுகள்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வயசான காலத்தில் இது தேவையா என்று திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிட்டோம். காவல்கிணறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகளைத் தாண்டும்போது வண்டியை ஒரு பக்கமாகக் காற்று தள்ளும், அதற்குத் தயாராக இருங்கள். பெங்களூருக்கு முந்தின ராத்திரி ஓசூரில் தங்கிவிட்டு விடியுமுன் கிளம்பினோம். அங்கே எட்டு மணிக்கு மாட்டியிருந்தால் தேவனஹள்ளி தாண்டவே மத்தியானம் ஆகியிருக்கும். அதற்கப்புறம் பெனுகொண்டா, அனந்தபூர், கூத்தி, கர்னூல் வரைக்கும் பாறைக் குன்றுகளும் வெட்டவெளியும்தான், ஓட்ட சுகமான ரோடு. அனந்தபூர் வீட்டுத் தாத்தா கடைசி வரை இதை "ஏழாம் நம்பர் ரோடு" என்றுதான் சொன்னார். 2010-ல் எண்களை மாற்றுவதற்கு முன் இது வாராணசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன பழைய 7. அதன் பெரும்பகுதியையும் வடக்கே இருந்த வேறு சில நெடுஞ்சாலைகளையும் ஒட்டவைத்துத்தான் இன்றைய 44 வந்தது. லாரி ஓட்டியவர் அவர். எங்கே டீ நன்றாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், பாதிக் கடைகள் இப்போது இல்லை.

சுங்கச் சாவடி பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 15-ல் ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் வந்தது, அறிமுகமானபோது 3,000 ரூபாய், ஒரு வருஷம் அல்லது 200 முறை சாவடி கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு மட்டும். இவ்வளவு நீளப் பயணத்துக்கு அதை எடுக்காமல் கிளம்புவது வீண்செலவு. ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் தேசிய விரைவுச்சாலைகளுக்கும்தான். ஹைதராபாத்தில் ஊருக்குள் போகாமல் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் ஷம்ஷாபாத்தில் ஏறி மேட்சல் பக்கம் இறங்கினோம், அங்கே பாஸ் செல்லாது, ஃபாஸ்டாக் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஆகவே பாஸ் இருக்கிறது என்று கணக்கில் பணமே இல்லாமல் போகாதீர்கள்.

ஆதிலாபாத் டீச்சர் வீட்டில் தெலுங்கு, மராத்தி, உருது மூன்றும் ஒரே சாப்பாட்டு நேரத்தில் ஓடின. அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. தோழி நன்றாக இந்தி பேசுவதால் எல்லாப் பேச்சும் அவள் பக்கம் போய்விடும், நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நாலு வீட்டில் இப்படி உட்கார்ந்தால் மனசு சுருங்கிவிடும், அவள் மேல் காரணமில்லாமல் கோபம் வரும். அதனால் நான் அடுப்படிக்குப் போக ஆரம்பித்தேன். "ஏதாவது செய்யட்டுமா" என்று கேட்டால் எந்த ஊரிலும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமல், கண்ணில் பட்ட பூண்டையோ பட்டாணியையோ எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பிக்க வேண்டும். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் வடக்கே பச்சைப் பட்டாணி மலிவு, எல்லா வீட்டிலும் கூடைகூடையாக இருக்கும். நாக்பூரிலிருந்து ஜலந்தர் வரை நான் பட்டாணி உரித்தே உறவு பிடித்தேன், அதற்கு இலக்கணச் சுத்தமான இந்தி தேவைப்படவில்லை.

அந்தப் பருவத்தில் போவதில் யாரும் எச்சரிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. பனிமூட்டம் போயிருக்கும், வெயில் ஏறியிருக்காது, ரோட்டுக்கு அருமையான நேரம். ஆனால் சிபிஎஸ்இ பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை பிப்ரவரி நடுவில் ஆரம்பித்துவிடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது போல ஒரு அநியாயம் கிடையாது. டிவி ஓடாது, சிரிப்புச் சத்தம் கேட்டால் அம்மா மூடியிருக்கிற அறைக்கதவைப் பார்ப்பார், நாங்களும் பார்ப்போம். வீட்டில் யாராவது பொதுத்தேர்வு எழுதுகிறார்களா என்று கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் என்கிற புலிக் காடு. விலங்குகள் ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை, கீழே அவற்றுக்கு வழிவிட்டு ரோட்டை மேலே தூக்கியிருக்கிறார்கள். அதில் மிக நீளமானது 750 மீட்டர். மேலே நாம் போகும்போது கீழே புலி நடந்துகொண்டிருக்கலாம், நமக்குத் தெரியாது. தோழி அங்கே நிறுத்தச் சொன்னாள், நான் நிறுத்தவில்லை, அந்த மாதிரி இடத்தில் நிறுத்தவும் கூடாது. அதற்கு அப்புறம் சிவனி வரை இருவரும் பேசவில்லை.

சிநேகிதத்தைப் பற்றிச் சொல்ல இதுதான் இடம். பகல் முழுக்க ஒரே வண்டி, ராத்திரி பெரும்பாலும் ஒரே கட்டில். சண்டை போடக்கூட இடம் கிடையாது, இன்னொருவர் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார முடியாது. நாங்கள் கண்டுபிடித்த வழி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேச்சே இல்லை, பாட்டும் இல்லை. கோபம் இருந்தால் அதில் கரையும், இல்லாவிட்டால் ஓய்வு. ஓட்டுகிறவர் வழி பார்க்கக் கூடாது, வழி பார்க்கிறவர் ஓட்டுவதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. எரிபொருள், சாப்பாடு, பரிசு எல்லாம் ஒரே பையிலிருந்து, பை காலியானால் இருவரும் சமமாகப் போடுவது. யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் எந்தச் சிநேகிதமும் ஜான்சி வரைகூடத் தாங்காது. ஊர் சுற்றும் ஆசை அவளுக்கு அதிகம், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றம் எனக்கு அதிகம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் யார் சொல்வது நடக்கும் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் நிம்மதி.

சாகர் போகிற வழியில் லக்னாதோன் தாண்டி டயர் போனது. பக்கச்சுவர் கிழிந்திருந்தது, கையில் இருந்த பஞ்சர் சாமான்கள் அதற்கு உதவாது. ஸ்டெப்னி மாற்ற எங்களுக்குத் தெரியும், ஆனால் நட்டு அசையவில்லை. நெடுஞ்சாலை உதவி எண் 1033, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கூப்பிட்டோம். ரோந்து வண்டி வந்து கூம்பு வைத்து, ஆளே மாற்றியும் கொடுத்தார். இதில் முக்கியம் டயர் இல்லை. வண்டி நின்ற ஐந்தாவது நிமிஷமே தோழி சாகர் வீட்டுக்குப் போன் செய்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகும், சாப்பாடு வேண்டாம், வழியில் சாப்பிட்டுக்கொள்கிறோம், சாவியை எங்காவது வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். "லேட்டாகும்" என்று மொட்டையாகச் சொல்வதற்கும் இப்படிச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். அவர்கள் படுக்கவில்லைதான், ஆனால் சமைத்துவிட்டுக் காத்திருக்கவும் இல்லை. அந்தச் சின்ன நிம்மதியில் முதல் சந்திப்பே நன்றாக அமைந்தது.

குவாலியர் வீடு கடைசி நேரத்தில் இல்லை என்றானது. அவர்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அந்த நிலைமையிலும் "வாங்க, பரவாயில்லை" என்றார்கள். போகக் கூடாது. இந்த மாதிரி நேரத்துக்காக ஒவ்வொரு ஊரிலும் ஒரு லாட்ஜ் எண்ணை முன்பே விசாரித்து எழுதி வைத்திருந்தோம், ஒரு போனில் முடிந்தது. ஹோலி சமயம் அது. மதுரா வட்டாரத்தில் ஹோலி ஒரு நாள் கூத்து இல்லை, நாள்கணக்கில் நடக்கும், வண்டிக் கண்ணாடி மேல் என்ன வேண்டுமானாலும் வந்து விழும். குவாலியரிலேயே இருந்து முடித்துவிட்டுத்தான் ஆக்ரா பக்கம் நகர்ந்தோம். லாட்ஜ்காரர் மத்தியானம் வரை வெளியே போகாதீர்கள் என்று சொல்லி, தன் வீட்டில் செய்த குஜியாவைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் சோமாஸ்தான், உள்ளே பால்கோவா.

டெல்லிக்குள் போகவில்லை. பல்வலில் கிழக்குப் புறவழி விரைவுச்சாலையில் ஏறினால் 135 கிலோமீட்டரில் குண்ட்லியில் இறங்கி மறுபடி 44-ஐப் பிடித்துவிடலாம். 2018-ல் திறந்தது. குண்ட்லி தாண்டியதும் முர்த்தல், பராத்தா தின்னவே டெல்லியிலிருந்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிற ஊர், வெண்ணெயை அளவு பார்க்காமல் போடுகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஏழரை மணிக்குப் பசிக்கும், பஞ்சாபி வீட்டில் ஒன்பதரைக்குத்தான் அடுப்பே பற்றவைப்பார்கள். கைப்பையில் வாழைப்பழமும் வறுகடலையும் எப்போதும் இருக்கட்டும், அறையில் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொள்ளலாம். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள், தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னால் அந்த அம்மா எழுந்து வேறு ஏதாவது செய்யப் போய்விடுவார். தண்ணீர் எந்த நேரத்தில் வரும், குளிக்க யார் முதலில் போவார்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆபீஸ் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எல்லோரும் முடித்த பிறகு போய்க் குளித்தால் வீட்டில் உங்கள் மதிப்பு கூடும். துண்டும் படுக்கை விரிப்பும் சொந்தமாகக் கொண்டுபோனோம், விரிப்பைக் கழற்றி மடித்துவிட்டுக் கிளம்பினால் அவர்களுக்குத் துவைக்கிற வேலை மிச்சம்.

பரிசுக்கு என்ன கொண்டுபோவது என்று கிளம்புவதற்கு முன்னால் பெரிய விவாதம். தோழி காபித்தூள் என்றாள். ஃபில்டர் இல்லாத வீட்டில் நம் காபித்தூள் எதற்கு ஆகும்? அதைப் பாலில் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு நமக்காக நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரு வீடு உண்டு. அல்வா எண்ணெய் கசிந்தது. கடைசியில் ஜெயித்தது கோவில்பட்டிக் கடலைமிட்டாய். வழியிலேயே கிடைக்கும், கெடாது, கசியாது, சைவம், நோன்பு விரதம் எதற்கும் இடைஞ்சல் இல்லை, பிள்ளைகள் உடனே பிரிப்பார்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று சொல்லிக் கொடுத்தால் பெரியவர்களும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள், வடக்கே அவர்களுக்கும் இதே மாதிரி சிக்கி தெரியும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அரை மணி நேரம் பேச்சு ஓடும். நாலு கிலோ வாங்கினோம், பத்தாமல் போனது.

கிளம்பும்போது வீட்டுக்காரர் கையில் காசு கொடுக்க நினைக்காதீர்கள், குழந்தை கையில் கொடுங்கள். வடக்கே வட்ட எண்ணாகக் கொடுப்பதில்லை, நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து, நம் மொய் மாதிரியே. ஜலந்தரில் நாங்கள் பேத்திக்குக் கொடுத்தோம். வாசலில் நிற்கும்போது அந்த வீட்டுப் பாட்டி எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு உறையைத் திணித்தார். மகள்கள் வெறுங்கையோடு போகக் கூடாதாம். நான் வாங்க மாட்டேன் என்று இழுத்தேன், தோழி என் காலை மிதித்தாள். மறுத்தால் அது அவமரியாதை, இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வண்டியில் பாடம் எடுத்தாள். ஐம்பது வயசுக்கு மேல் முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சீர் வாங்கியது என் கணக்கில் இந்த ஒரு முறைதான்.

ஜம்முவுக்குள் நுழையும் முன் ஒரு வேலை: வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். இருவரில் ஒருவராவது ஊரிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரருக்கு எங்கே நிற்கிறோம் என்று சொல்லக்கூட வழியிருக்காது. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 250 கிலோமீட்டர்தான், ஆனால் சமவெளிக் கணக்கு அங்கே செல்லாது. செனானி–நாஷ்ரி ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் 2017-ல் வந்த பிறகு பட்னிடாப் ஏற்றம் ஏற வேண்டியதில்லை, பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் இன்னொரு எட்டரை கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே ராம்பன் பகுதியில் மழை பெய்தால் மண் சரியும். ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துப் போலீஸ் தினமும் எந்தப் பக்கம் வண்டி விடுவார்கள் என்று அறிவிக்கிறார்கள், அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஸ்ரீநகர் வீட்டுக்கு நாங்கள் நேரமே சொல்லவில்லை. "சுரங்கம் தாண்டியதும் கூப்பிடறோம்" என்று மட்டும் சொன்னோம், அவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

ரமலான் மாதம். நோன்பு வைக்கிற வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாமா என்று நாங்கள் தயங்கி முன்பே கேட்டோம், அந்த அக்கா சிரித்துவிட்டு, நோன்பு எங்களுக்குத்தானே, உங்களுக்கு இல்லையே என்றார். முதல் நாள் எங்களுக்கென்று பகலில் தனியாகச் சமைத்தார். வாசனையோடு அடுப்பு முன்னால் நின்று, உப்பு பார்க்க முடியாமல், எங்களைப் பார்க்கச் சொன்னார். அது எங்களுக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்கு ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டோம், பழமும் பிஸ்கட்டும் வண்டிக்குள்ளேயே, சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் வீடு. சப்ஜா விதை ஊறிய பால், பேரீச்சம்பழம், எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்தபோதுதான் இடைஞ்சலாக இருக்கிறோம் என்ற எண்ணம் போனது. விடியற்காலை, நோன்புக்கு முன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்குத் தெருவில் மேளம் அடித்து எழுப்புவார்கள், முதல் நாள் நான் பயந்து எழுந்து உட்கார்ந்தேன், தோழி அசையவே இல்லை. மூன்றாம் ராத்திரி வேண்டாம் என்ற எங்கள் சட்டம் அங்கே செல்லவில்லை. அந்த அக்கா பெருநாள் வரை இருக்கச் சொன்னார், பாதியில் சமரசம் செய்துகொண்டோம்.

திரும்பும் வழியில் அதே வீடுகளுக்குப் போகவில்லை. எல்லோரும் கூப்பிட்டார்கள், ஜலந்தர் பாட்டி கோபித்தே கொண்டார். ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு முறை ஒரு குடும்பத்தின் அடுப்படியைக் கலைப்பது ஞாயமில்லை, உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் யாரிடமும் பேசத் தெம்பில்லை. லாட்ஜ் லாட்ஜாகப் போட்டுக்கொண்டு, ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்கினோம். நாக்பூர்க் குடும்பம் மே விடுமுறைக்குக் கன்னியாகுமரி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஐந்து பேர், இரண்டு ராத்திரி. மெத்தை ஒன்று கூடுதலாக வாங்க வேண்டும்.